குடல்வால் என்று சொன்ன தழும்பு

11-9-1987, வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, யாரும் அழைக்காமல் தானே பிரம்மதேசம் காவல் நிலையத்துக்கு வந்து கொடுத்த மறு வாக்குமூலம்.

என் பெயர் அமலோற்பவமேரி. வயது 38. என் கணவர் லூர்துநாதன் இரயில்வேயில் கேங்மேன். விழுப்புரம், கோயில் தெரு, பதினான்காம் எண் வீட்டில் வசிக்கிறேன். சத்துணவு மையத்தில் அமைப்பாளராக வேலை செய்கிறேன், அதனால் டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். நான் சொல்வதைச் சுருக்காமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தலைமைக் காவலர் விருத்தாசலம் அதற்குச் சம்மதித்து எழுதுகிறார். சப்-இன்ஸ்பெக்டர் அய்யா எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

இறந்துபோன லூர்துசெல்வி என்னுடன் பிறந்த ஒரே தங்கை. அவளுக்கு வயது 30. திண்டிவனம் வட்டம் பிரம்மதேசத்தை அடுத்த ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் அடைக்கலராஜ் என்பவருக்கு 1979-ல் அவளைக் கலியாணம் செய்து கொடுத்தோம். ஜெசிந்தா என்று ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. என் தங்கை இந்த மாதம் 9-ந் தேதி காலை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இறந்தாள். பக்கத்து ஊரில் காமாலைக்குப் பச்சிலை கொடுக்கும் அஞ்சம்மாள் என்பவர் கொடுத்த மருந்து விஷமாகி அவள் இறந்ததாக அடைக்கலராஜ் அன்றே புகார் கொடுத்தார். அன்று மாலை இந்த நிலையத்தில் என்னையும் விசாரித்தார்கள். எனக்கும் மருந்தின் மேல்தான் சந்தேகம் என்றும், என் தங்கைக்குச் சின்ன வயதில் குடல்வால் ஆபரேஷன் நடந்ததைத் தவிர வேறு நோய் எதுவும் இருந்ததில்லை என்றும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். எட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பொய். அதைத் திருத்துவதற்குத்தான் இன்று வந்திருக்கிறேன்.

1966-ம் வருஷம் நாங்கள் வளவனூரில் குடியிருந்தோம். தாயார் அதற்கு இரண்டு வருஷம் முன்பே இறந்துவிட்டார். தங்கைக்கு ஒன்பது வயது. எனக்குப் பதினேழு. அந்த வருஷம் ஆடி மாதத்தில் அவளுக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி வந்தது. கண் மஞ்சளானது. குளிப்பாட்டும்போது விலாவுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் கைக்குத் தட்டுப்பட்டது. அதன்பின் தகப்பனாரும் நானும் அவளைப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஐந்து நாள் கழித்து ஆபரேஷன் செய்தார்கள். தகப்பனார் வேலைக்குத் திரும்பிவிட்டதால் இருபத்தெட்டு நாள் நான்தான் கூட இருந்தேன்.

அனுப்புகிற அன்று பெரிய டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை சவுரியம்மாள் என்ற நர்சம்மா எனக்குத் தமிழில் சொன்னார். அதை ஒரு வார்த்தை மாறாமல் இப்போதும் சொல்ல முடியும். “பித்தம் எறங்கற கொழா பொறவியிலயே ஊதிப் பையாட்டம் ஆயிருக்குது. அத்த அறுத்து எடுத்தா உசுருக்கு ஆபத்துன்னு, பைய அப்படியே வுட்டுட்டு கொடலோட சேத்துத் தெச்சு வழி வெச்சிருக்காரு. பை உள்ளாறதான் கீது, மறந்துடாதே. சாதுக் கட்டிதான், புத்து கித்து இல்ல. ஆனா சாது மிரண்டா காடு கொள்ளாது. வருசத்துக்கு ஒருவாட்டி இட்டாந்து காட்டு. மறுபடி கண்ணு மஞ்சளாச்சுன்னா நாட்டு மருந்து குடுத்துக்கினு ஒக்காந்துக்கினு இருக்காதே, ஜல்தியா இங்க இட்டுக்கினு வந்துடு” என்றார். இவ்வளவும் ஒரு சீட்டில் இங்கிலீஷில் எழுதி என் கையில் கொடுத்தார்கள்.

அதன்பின் பன்னிரண்டு வருஷம் தவறாமல் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். 1975-ல் தகப்பனார் இறந்த பிறகும் நான் விடவில்லை. இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் நிறுத்தியவளும் நான்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

1978 கடைசியில் அடைக்கலராஜ் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இரண்டு இடத்திலும் நான் உள்ளதைச் சொன்னேன். ஒரு வீட்டில், “வயித்துக்குள்ள பைய வெச்சிக்கினு கீற பொண்ணு புள்ள பெக்குமா?” என்று கேட்டு எழுந்து போய்விட்டார்கள். என் தங்கை அன்று கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள். மூன்றாவது இடமும் போனால் எனக்குத் தாங்காது என்று தோன்றியது. அடைக்கலராஜின் தாயார் வந்து தழும்பைப் பற்றி விசாரித்தபோது, குடல்வால் ஆபரேஷன் என்று சொன்னேன். குடல்வால் என்றால் யாரும் பயப்படுவதில்லை. எடுத்துவிட்டால் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாளும் சரி என்று தலையாட்டிவிட்டுக் காபி குடித்தார்.

எங்கள் மதத்தில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் நடக்க இருக்கிறது, இதற்கு விக்கினம் ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் வரும். 1979-ம் வருஷம் மே மாதம் 6, 13, 20 ஆகிய மூன்று ஞாயிறும் வாசித்தார்கள். மூன்று தடவையும் நான் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எனக்கு வாய் அதிகம் என்று தெருவில் பெயர். அந்த மூன்று ஞாயிறும் அந்த வாய் எங்கே போனது என்று தெரியவில்லை. சாமியார் கேட்கிற விக்கினம் உறவுமுறையும் முன் கலியாணமும்தான், நோய் அதில் சேராது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது ஓலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது என் தங்கை, “யக்கா, அவருகிட்ட மட்டுமாவது சொல்லிடலாமே” என்றாள். “சும்மா கெட. கட்டிக்கினு போ, அப்பால நான் பாத்துக்கறேன்” என்று அதட்டினேன். அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சீட்டை அவள் ஞானஸ்நானப் பத்திரத்தோடு சேர்த்து என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை.

கலியாணத்துக்குப் பிறகு வருஷா வருஷம் காட்டுவது நின்றுபோனது. புதுச்சேரிக்கு எதற்கு என்று புருஷன் வீட்டில் கேட்பார்கள் என்று பயந்தேன். குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகமாக இருந்தார்கள். நான் சொன்ன பொய்யை ஆண்டவரே மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். 1984-ல் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அவளிடமிருந்து ஒரு இன்லண்டு கடிதம் வந்தது. சாப்பிட்டால் விலாப்பக்கம் வலிக்கிறது, புதுச்சேரிக்குப் போய்க் காட்டலாமா, அவரிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டிருந்தாள். வாயுவாக இருக்கும், ஓமத்தண்ணீர் குடி என்று பதில் போட்டேன். அவள் எழுதிய அந்தக் கடிதத்தையும் இத்துடன் கொடுக்கிறேன். அதை வாசிக்கச் சொல்லி என்னைக் கேட்க வேண்டாம்.

இந்த வருஷம் ஆகஸ்ட் 26-ந் தேதி அடைக்கலராஜ் ஆள் அனுப்பி, செல்விக்குக் காமாலை, உடம்பு இளைத்துவிட்டது, அரிப்பால் தூக்கம் இல்லை என்று தெரிவித்தார். மறுநாள் நான் பஸ்ஸில் திண்டிவனம் போய் அங்கிருந்து அவர்கள் ஊருக்குப் போனேன். கண் வரைக்கும் அவள் உடம்பு மஞ்சளாகியிருந்தது. மஞ்சள் கிழங்கை அரைத்துப் பூசியதுபோல் இருந்தாள். உடனே புதுச்சேரிக்குப் போகலாம் என்று சொன்னேன். அதற்கு அடைக்கலராஜ், “காமாலைக்கு எவன் ஆஸ்பத்திரிக்குப் போவான், அண்ணி? ஊசி போட்டா ஆள் போயிடும்னுவாங்க. அஞ்சம்மா மருந்து மூணு வேளை குடுத்தா எறங்கிடும். எங்க சித்தப்பாவுக்கு எறங்கல?” என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உள்ளே பை இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வண்டி கட்டியிருப்பார். பெண்டாட்டி மேல் உயிரை வைத்திருந்த மனிதர் அவர். நான் சொல்லவில்லை. அதன்பின் 28-ந் தேதி வெள்ளிக்கிழமை காலை, பல் துலக்கியவுடன் வெறும் வயிற்றோடு அவளை அஞ்சம்மாள் வீட்டுக்குக் கூட்டிப்போனோம். மாமியாரும் கூட வந்தார்.

அஞ்சம்மாள் எடுத்த எடுப்பில் மருந்து கொடுக்கவில்லை. என் தங்கையைப் பாயில் படுக்க வைத்து, கண்ணையும் நாக்கையும் நகத்தையும் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தபோது தழும்பின் மேல் அவர் கை நின்றது. அங்கே நடந்த பேச்சு வருமாறு.

“இது இன்னாம்மா தழும்பு?”

“குடல்வாலுக்கு ஆப்ரேசன் பண்ணது” என்று மாமியார் சொன்னார்.

“கொடல்வாலுன்னா கீழ இல்ல இருக்கும், தொடைக்கு மேல? இது வெலாவுக்கு அடியில குறுக்கால போவுதே. தோ பாருங்க, நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணுதான். ஈரல் பக்கம் கத்தி பட்ட ஒடம்புக்கு என் மருந்து கெடையாது. அது வேற காமாலை, எனக்கு அது தெரியாது. இட்டுக்கினு போயிடுங்க” என்று சொல்லிவிட்டு அஞ்சம்மாள் என் முகத்தைப் பார்த்தார்.

என் தங்கையும் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். எனக்கு இந்தப் பக்கம் மாமியாரும் அந்தப் பக்கம் அடைக்கலராஜும் நின்றார்கள். “அந்தக் காலத்து டாக்டரு, அம்மா. கொழந்தை வயிறு சின்னது, எங்கன்னு தெரியாம மேலயே கிழிச்சிட்டாரு. கொடல்வால்தான், நான் கூடவே இருந்தேன்” என்று நான் சொன்னேன். கூடவே இருந்தவள் சொன்னதால் அஞ்சம்மாள் நம்பினார். கீழாநெல்லியை மைபோல அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி, மோரில் கலக்கிக் கொடுத்தார். அதே மோரில் தானும் ஒரு வாய் குடித்துக் காட்டினார். வெற்றிலை பாக்கைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மருந்து கொடுத்த பின் கண்ணைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டார். என் தங்கை சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கிறது என்றாள். அதன்பின் அஞ்சம்மாள் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “இது எம்மருந்துக்கு எறங்கற காமாலை இல்ல. பித்தம் எங்கியோ அடைச்சிக்கினு நிக்கிது. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க” என்றார். இதை அடைக்கலராஜும் கேட்டார். புகாரில் அதை அவர் எழுதவில்லை என்றால், துக்கத்தில் மறந்திருக்கலாம், அல்லது மறைத்திருக்கலாம். அதை நீங்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மறைப்பதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

மாமியார், உப்பில்லாப் பத்தியம் ஒரு வாரமாவது இருந்து பார்க்கலாம் என்றார். செப்டம்பர் 8-ந் தேதி மாதா பிறந்தநாள் பூசையை முடித்துக்கொண்டு புதுச்சேரிக்குக் கூட்டிப்போவதாக நான் சொல்லிவிட்டு விழுப்புரம் திரும்பினேன். வழியெல்லாம், பழைய சீட்டை அங்கே எப்படிப் புருஷனுக்குத் தெரியாமல் டாக்டரிடம் காட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். அவள் பிழைப்பாளா என்று யோசிக்கவில்லை.

8-ந் தேதி காலை அவளுக்குக் குளிர் கண்டு பல் கிட்டியது. ஒரு வேனில் படுக்க வைத்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் போனபோது நினைவு வந்து வந்து போனது. நடுவில் ஒரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, “யக்கா, நான் சொல்லல” என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் ஜன்னியில் உளறுவதாக நினைத்தார்கள். எனக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்தது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு உயிர் பிரிந்தது.

அன்று பிற்பகல் பிரேதப் பரிசோதனை முடிந்ததும், அதைச் செய்த டாக்டர் வெளியே வந்து கூட இருந்தவர் யார் என்று கேட்டார். அடைக்கலராஜ் புகார் விஷயமாக மறுபடி நிலையத்துக்குப் போயிருந்ததால் நான் போனேன். அவர் என்னிடம், “குடல்வால் ஆபரேஷன்னு எழுதியிருக்கீங்க. குடல்வால் அப்படியே முழுசா இருக்கும்மா. பித்தக்குழாய் பிறவியிலேயே பை மாதிரி ஊதியிருக்கு, அதை யாரோ குடலோட இணைச்சுத் தச்சிருக்காங்க. அந்தப் பையோட சுவர்ல புத்து வச்சு ஈரலுக்கும் போயிருக்கு. அந்தக் காலத்துல பையை விட்டுட்டு வழி வைக்கிறதுதான் வழக்கம், தப்புச் சொல்ல முடியாது. இப்பல்லாம் பையை முழுசா எடுத்துடறாங்க, ஏன்னா விட்டு வச்ச பையில சில பேருக்கு இப்படி வருது. எல்லாருக்கும் வராது. வருஷா வருஷம் காட்டிக்கிட்டு வந்தாங்களா?” என்று கேட்டார்.

நான் மருந்தால் ஏதாவது ஆனதா என்று மட்டும் கேட்டேன். “என் கண்ணுக்கு இந்தக் கட்டிதான் தெரியுது. ஆனா புகார்ல விஷம்னு இருக்கிறதால குடலை மதராசுக்கு அனுப்பியாகணும். ரிப்போர்ட் வர ரெண்டு மாசம் மூணு மாசம் ஆகும்” என்றார். பதினைந்து நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்றும் கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். “மூணு வருஷம் முன்னாடின்னா பேசலாம்” என்றார். மூன்று வருஷம் முன்னால்தான் நான் ஓமத்தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கடிதம் போட்டேன். இவ்வளவும் கேட்டுவிட்டு வந்த பிறகும், அன்று மாலை இதே நாற்காலியில் உட்கார்ந்து குடல்வால் என்று சொன்னேன்.

அன்று இரவு சொந்தக்காரர்கள் சிலர் அஞ்சம்மாள் வீட்டில் புகுந்து அம்மியைக் கிணற்றில் போட்டு, பானைகளை உடைத்ததாகக் கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை. நேற்று அடக்கம் முடிந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த அவள் தாலியையும் தோடையும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட இங்கே வந்தேன். அப்போது அஞ்சம்மாளை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. “டீச்சரம்மா, நீயே சொல்லு. அந்தத் தழும்பை நான் கேட்டனா, இல்லியா?” என்றார். நான் காதில் விழாதவள்போல் படியிறங்கிப் போனேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ்ஸிலும் ஏறினேன். வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்து, ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

இதைச் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஏமாற்றிக் கட்டிக் கொடுத்தவள் என்று அடைக்கலராஜ் இனி என்னை வாசற்படி ஏற்ற மாட்டார். ஜெசிந்தாவை என் கண்ணில் காட்ட மாட்டார். நேற்று அடக்கத்தின்போது அந்தக் குழந்தை என் முந்தானையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது. அதை விட முடியாமல்தான் நேற்றும் வாயை மூடிக்கொண்டு போனேன். ஆனால் அஞ்சம்மாள் கேட்டார். கேட்க வேண்டியதைக் கேட்டார், மறுக்க வேண்டிய நேரத்தில் மறுத்தார், அனுப்ப வேண்டிய நாளில் அனுப்பினார். இந்த விஷயத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். சவுரியம்மாள் நர்சம்மா சொன்னதைக் கேட்டவள் நான், டாக்டர் கொடுத்த சீட்டை வைத்திருந்தவள் நான், மூன்று ஓலையிலும் பேசாதவளும் நான். என்மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போட முடியுமோ போடுங்கள் என்று கேட்டதற்கு, இதற்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சப்-இன்ஸ்பெக்டர் அய்யா சொன்னார். மேற்படி 1966-ம் வருஷத்துச் சீட்டு ஒன்றும் 1984-ம் வருஷத்து இன்லண்டு கடிதம் ஒன்றும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

தலைமைக் காவலர் எழுதியதை ஆரம்பத்திலிருந்து எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருந்தது. கடைசித் தாளில் மட்டும், இறந்தவரின் அடையாளம் என்ற இடத்தில், முந்தைய வாக்குமூலத்தைப் பார்த்து எழுதியதால், ‘வயிற்றில் குடல்வால் ஆபரேஷன் தழும்பு’ என்று இருந்தது. அடையாளத்துக்குத்தானே, இருக்கட்டும் என்று அவர் சொன்னார். நான் பேனாவை வாங்கி ‘குடல்வால்’ என்ற சொல்லை அடித்தேன். அடித்த இடத்தின் பக்கத்தில் தனியாக ஒரு கையெழுத்தும் போட்டேன்.

மற்றபடி இதில் உள்ளது எல்லாம் உண்மை. அடித்தல் ஒன்று.

(ஒப்பம்) லூ. அமலோற்பவமேரி